சிவப்பைக் கழற்றச் சொன்னவர்

“...அப்புறம் அந்தச் செவப்பையும் கழட்டிருங்கக்கா. மஞ்சள்கூட இருந்துட்டுப் போகட்டும். செவப்பு தொங்குனா இந்தப் பிள்ளை உதடு ஒண்ணுக்கு ரெண்டாச் செவந்து தெரியுது. பல்லு எங்கிட்டு ஒழுங்காத் தெரியும்?”

ஞாயிற்றுக்கிழமை, அதுவும் முகூர்த்த நாள். கடைக்குள் ஆளுக்கொரு சேலையைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் நெருக்கியடிக்கிறார்கள். வாசல் ஸ்டூலில் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண் பாதிப் பல்லோடு உட்கார்ந்திருக்கிறாள். தெருமுனையில் அவளை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய ஜீப்பு ஹாரன் அடிக்கிறது. இந்த நேரத்தில்தான் அந்த மனுஷருக்கு என் கடைச் சிவப்பு கண்ணை உறுத்துகிறது.

“இன்னைக்குச் செவப்பு ஓடுற மாதிரி வேற எதுவும் ஓடாது தம்பி. கழட்ட மாட்டேன்” என்றேன்.

“ரெண்டு நிமிசம்க்கா.”

அவருடைய ரெண்டு நிமிசத்தில் போடிமெட்டுக்குப் போய்த் திரும்பிவிடலாம்.

எங்களுடையது போடியில் ஒரு மேட்சிங் சென்டர். சேலையைக் கொண்டுவந்தால் அதற்குத் தகுந்த ஜாக்கெட் பிட்டு, லைனிங், பாவாடை, நூல் எல்லாம் எடுத்துக் கொடுப்போம். சரக்கு எடுக்க என் வீட்டுக்காரர் மதுரைக்கு ரயிலேறிவிடுவார். கடை என் பாடு. மாடியில் இரண்டு அறை. அதில்தான் அவர் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பக்கத்தில் தேவாரம் என்கிற ஊர்க்காரர், ஒல்லி, எதைப் பார்த்தாலும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். இப்போது வேறு ஊருக்குப் போய்விட்டார். மாடியில் டியூஷன் நடக்கிறது. பேர் போடாமலேதான் எழுதுகிறேன். பேர் போட்டால் அதைப் படித்துவிட்டு, “அச்சு நல்லாருக்குக்கா, ஆனா கறுப்பு கொஞ்சம் நீலத்துப் பக்கம் சாயுது” என்று போன் போடுவார்.

வாடகைக்குக் கேட்டு வந்த அன்று அவர் அறையைப் பார்க்கவே இல்லை. என் கடை வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்.

“வடக்குப் பாத்த கடை” என்றார்.

வாஸ்து பார்க்கிறார் என்று நினைத்து, “குபேரன் தெசை தம்பி, தொழிலுக்கு நல்லது” என்றேன்.

“வெயில் நேரா அடிக்காது. வெளிச்சம் மட்டும் வரும்” என்றார். “பல்லு பாக்க இதுதான் வேணும்.”

அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மாடி அறைக்கு என் மாமனார் காலத்திலேயே பச்சை அடித்திருந்தது. ஏலக்காய் விற்றுச் சோறு தின்கிற ஊரில் பச்சை அடிக்காத சுவர் எங்கே இருக்கிறது. பச்சைச் சுவரில் பட்டு வருகிற வெளிச்சம் பல்லில் ஏறுகிறது என்று சொல்லி அவர் அதன்மேல் சாம்பல் நிறம் அடித்தார். நாலு சுவரும் சாம்பல், மேல்தளமும் சாம்பல். பெயிண்டர் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அக்கா, வீட்டுல யாரும் தவறிட்டாங்களா?”

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. எதிர்வீட்டுக்காரர் மகன் காதுகுத்துக்காக வீட்டுக்கு ஆரஞ்சு அடித்தார். மாடிச் சன்னல் வழியாக அந்த ஆரஞ்சு உள்ளே இறங்கிவிட்டதாம். நேரே எதிர்வீட்டுக்குப் போய் வேறு நிறம் அடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டம்மா சொன்ன பதில் எங்கள் தெருவில் இன்றைக்கும் பழமொழி மாதிரி நிற்கிறது. “பல்லு ஒங்க சோலி டாக்டரு, சொவரு எங்க சோலி.”

அன்று முதல் அவர் வாய்களைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு இறங்கிவிட்டார்.

ஒரு புதுப் பல் கட்ட வேண்டும், உடைந்த பல்லைப் பூசி ஒட்ட வேண்டும் என்றால், பக்கத்துப் பல் என்ன நிறம் என்று முதலில் பார்க்க வேண்டுமாம். ஆளை என் ஸ்டூலில் உட்காரவைப்பார். உடுத்தியிருக்கிற நிறம் குறுக்கே வரக்கூடாது என்று கழுத்தைச் சுற்றி ஒரு சாம்பல் துணி கட்டுவார். அந்தச் சாம்பலும் என் கடைத் துணிதான். இருந்த சாம்பல் பிட்டுகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒரு முழு மத்தியானம் பார்த்து எடுத்தது. உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொல்வார். “நாக்கால ஒரு தடவை பல்லை நனைச்சுக்கோங்க. காஞ்சா பல்லு வேசம் போடும்” என்பார். அப்புறம் பையிலிருந்து அந்தக் கொத்தை எடுப்பார். சாவிக்கொத்து மாதிரி, ஆனால் சாவிக்குப் பதில் வரிசையாகப் பல். எல்லாம் வெள்ளைதான், ஒன்றுக்கொன்று வேறு வெள்ளை.

வெள்ளையில் பல வெள்ளை உண்டு என்பது எனக்குப் புதிதில்லை. லைனிங் துணியில் பால்வெள்ளை, சந்தனம், தந்தம், தேங்காய்ப்பால் என்று நானே பிரித்து வைத்திருக்கிறேன். அவர் கொத்தில் பேர் கிடையாது. ஏ ரெண்டு, ஏ மூணு, பி ஒண்ணு, சி ரெண்டு. “பஸ்சு நம்பர் மாதிரி இருக்கு தம்பி” என்பேன். அவர் ஆட்களையும் அப்படித்தான் ஞாபகம் வைத்திருந்தார். “அந்த ஏ மூணு வந்தாங்களாக்கா?” என்று கேட்பார். யாரென்று பார்த்தால் எங்கள் வார்டு கவுன்சிலர்.

ஒருநாள் என் பல் என்ன நம்பர் என்று கேட்டேன். தலையைச் சாய்த்துப் பார்த்தார். “ஒங்களுது கொத்துல இல்லக்கா” என்றார். அது பாராட்டா பழிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கவே வேண்டாம்.

கொத்திலிருந்து ஒன்றை எடுத்து ஆள் பல்லோடு சேர்த்துப் பிடிப்பார். மனதுக்குள் அஞ்சு எண்ணுவார். உடனே பார்வையை எடுத்து, கையிலிருக்கிற நீல அட்டையைப் பார்ப்பார். மறுபடி பல். மறுபடி அட்டை. பார்க்கிறவர்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். ஏன் இப்படி என்று கேட்டதற்கு ஒரு வாக்கியம் சொன்னார். அதற்காக மட்டும் அவரை மன்னிக்கலாம் என்று சில நாள் தோன்றும். “கண்ணுங்கிறது அஞ்சு எண்ற வரைக்கும்தாங்க்கா உண்மை பேசும். ஆறுல இருந்து நம்ம மனசு கேக்கிறதைப் பேசும்.”

மேட்சிங் கடையில் ஒரு வழக்கம் உண்டு. துணியை உள்ளே பார்த்து எந்தப் பெண்ணும் வாங்க மாட்டாள். டியூப்லைட்டை நம்பாமல் சேலையையும் பிட்டையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பாள். போகிற வருகிற பெண்கள் நின்று, “கரையோட சேருதுக்கா, ஒடம்போட சேரல” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்கத் தேவையில்லை, அது ஊர் உரிமை. அந்த வாசலில் போய் இவர் பல்லைப் பிடித்தால் என்ன ஆகும்?

“டாக்டரே, அதுக்கு முந்துனது நல்லாச் சேர்ந்துச்சே.”

“ஈறுப் பக்கம் மஞ்சள் கொஞ்சம் கூட்டுங்க. அங்கன கம்மியாத் தெரியுது.”

“ஏ ஆத்தா, சிங்கப்பல்லு எப்பவும் ஒரு சாயம் கூடத்தான் இருக்கும். எம் மருமகளுக்கும் அப்பிடித்தான்.”

வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளால் ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியாது. அவரோ எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்பார், “ஆமா, சரிதான்” என்று இன்னொன்றை எடுப்பார். ஒருத்தி அவர் கையிலிருந்த பல்லைக் காட்டி, “இந்த நெறத்துல எனக்கு ஒரு பிட்டு கொண்டாங்கக்கா, பட்டுக்கு எடுப்பா இருக்கும்” என்றாள். அவர் அந்தப் பல்லை என்னிடம் நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டு போய்த் துணி தேடினேன். என்னை என்னவென்று சொல்வது.

இதிலெல்லாம் என் உயிரை எடுத்தது அந்தச் சிவப்புதான். கடை முகப்பில் ஒரு கயிறு கட்டி, சிவப்பு, அரக்கு, குங்குமம், மாதுளை என்று பிட்டுகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பேன். பெரிய கடைத்தெருவில் திரும்பும்போதே கண்ணில் படும். என் போர்டைவிட அந்தக் கயிற்றைப் பார்த்து வருகிறவர்கள்தான் அதிகம். ஒரு வாய் இறங்கினால் சிவப்பு முழுவதையும் கழற்ற வேண்டும். அவர் மாடி ஏறியதும் நான் மாட்டுவேன். கடைசிக் கிளிப்பை மாட்டவும் படியில் அடுத்த செருப்புச் சத்தம் கேட்கும்.

தொழிலில் எனக்கென்று ஒரு வாக்கு உண்டு. மேட்சிங் என்பது பாதி கண், பாதி வாய். நூல் வித்தியாசம் இருந்தாலும், “தச்சுப் போட்டா தெரியாது ஆத்தா” என்று சொன்னால் தெரியாது. உண்மையாகவே தெரியாது. போட்டவள் நம்பினால் பார்க்கிறவர்களும் நம்புவார்கள். ஒருநாள் மயில்கழுத்துச் சேலைக்கு நான் இப்படி ஒரு பிட்டைச் சேர்த்து, அந்தப் பெண்ணும் மனம் இறங்க, கத்திரியை எடுத்துவிட்டேன். படியில் இறங்கிக்கொண்டிருந்தவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்குக்கா.”

அந்தப் பெண் சேலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

“தம்பி, ஒங்க சோலி வாய்க்குள்ள. வாய்க்கு வெளிய நீங்க வாயத் திறக்கப்படாது” என்றேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. “ஆனா நீலம் தூக்கல்தானக்கா?” என்றார். தூக்கல்தான். அதுவா பேச்சு?

அவரோடு நேருக்கு நேர் மோதியவர் ஒருவர் உண்டு. ஏலக்காய்க் கமிஷன் வியாபாரி, எனக்கு ஒருவகையில் சித்தப்பா முறை. முன்பல் ஒன்று விழுந்து, அதைக் கட்ட வந்தார். நாற்பது வருஷம் வெற்றிலை போட்ட வாய். டாக்டர் கொத்தின் கடைசிக் கோடியிலிருந்து ஒன்றை எடுத்து, அதற்கும் மேல் கொஞ்சம் காவி சேர்க்க வேண்டும் என்றார். சித்தப்பா கொத்தை வாங்கி, முதல் கோடியில் இருந்த பால்வெள்ளையைத் தொட்டுக் காட்டினார்.

“இத வையி மாப்ளே.”

“பக்கத்துப் பல்லோட ஒட்டாதுண்ணே. தனியாத் தெரியும்.”

“தெரியத்தான்யா வைக்கிறேன். எங்கப்பன் தங்கத்துல ஒண்ணு கட்டியிருந்தாரு. அவரு சிரிச்சா ஏல மண்டபமே திரும்பிப் பாக்கும். வச்ச பல்லு தெரியலேன்னா வச்சதுக்கு என்ன சாட்சி?”

“தெரியாம இருக்கிறதுதாண்ணே சாட்சி.”

“ஏலக்காயப் பச்சை மங்காம ஒணத்தி எடுக்கிற ஊர்ல வந்து எனக்கு நெறம் சொல்லித் தர்றியா?”

சித்தப்பா தேனிக்குப் போய் வேண்டிய வெள்ளையை வைத்துக்கொண்டு வந்தார். இருட்டு வீட்டில் டியூப்லைட் போட்ட மாதிரி இருந்தது. சித்தப்பாவுக்குப் பரம சந்தோஷம். பிரச்சினை டாக்டருக்குத்தான். சித்தப்பா எதிரே வந்தால் இவர் அடுத்த சந்தில் திரும்பிவிடுவார். எங்கள் வீட்டு விசேஷத்தில் பந்தியில் எதிர் வரிசையில் சித்தப்பா உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்க, இவர் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டார். “என்ன தம்பி, சாப்பாடு சரியில்லையா?” என்றேன். “சாப்பாடு சரிதாங்க்கா” என்றார். சொல்லிக்கொண்டே எதிர் வரிசையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்தவர் வாய்க்குள் இருக்கிற ஒரு பல்லால் ஒரு மனுஷன் பாயசத்தை விட்டதை நான் அங்கேதான் பார்த்தேன்.

‘பொருந்திருச்சு’ என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. ரொம்ப நன்றாக அமைந்துவிட்டால், “இப்போதைக்குப் போகலாம்” என்பார். ஆள் போகலாம், ஆனால் விட்டுவிட மாட்டார். பஸ்ஸ்டாண்டில், காய்கறிக் கடையில், கோயில் வாசலில் வழிமறித்து, “கொஞ்சம் சிரிங்க” என்பார். சாயங்கால வெளிச்சத்தில் ஒரு பார்வை, மழை மூட்டத்தில் ஒரு பார்வை. புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்டு, அவள் புருஷன் சட்டைக் கையை மடக்கிவிட்டு வந்த கதையும் உண்டு. நான்தான் நடுவில் போய் நின்றேன்.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்த மலைப் பிள்ளை வந்து மாட்டினாள்.

போடிமெட்டுக்கு அங்கிட்டு ஒரு ஏலத் தோட்டத்தில் அவளும் அவள் அம்மாவும் காய் எடுக்கிறார்கள். பன்னிரண்டாவது முடித்தவள். ஈரச் சரிவில் கூடையோடு வழுக்கி விழுந்ததில் முன்பல் ஒன்று குறுக்கே பாதியாக உடைந்துவிட்டது. ஆறேழு மாதம் தாவணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசிப் பழகிவிட்டாள். அப்போதுதான் மலைமேல் புதிதாகத் திறந்த ஒரு விடுதியில் வரவேற்பு மேசைக்கு ஆள் கேட்டார்கள். தமிழும் மலையாளமும் கொஞ்சம் இங்கிலீஷும் தெரிந்த பிள்ளை என்று இவளைப் பிடித்துப்போய்விட்டது. மேனேஜர் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறார்: வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய வேலை, திங்கட்கிழமை வரும்போது பல்லைச் சரிசெய்துகொண்டு வா, இல்லையென்றால் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவோம்.

அவள் அம்மா என் கடை வாசலில் வைத்து என்னிடம் சொன்னாள். “அட்டைக் கடியிலயும் பூச்சிமருந்து நாத்தத்துலயும் எங் காலம் போயிருச்சு ஆத்தா. இவ நாற்காலியில ஒக்காந்து சம்பாதிக்கிறத ஒரு தடவை பாத்துட்டாப் போதும்.”

முதல் தடவை பார்த்தது செவ்வாய்க்கிழமை. உடைந்த பாதியைப் பூசியே சரிசெய்துவிடலாம் என்றார். பல் நிறத்தில் பசை மாதிரி ஒன்று. அடுக்கடுக்காக வைத்து நீல விளக்கைக் காட்டினால் இறுகிப் பல்லாகிவிடும். என் வாசலில் நிறம் பார்த்தார், நான் சிவப்பைக் கழற்றினேன், மேலே போய்ப் பூசினார். கண்ணாடியில் பார்த்த பிள்ளை கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். கடையில் நின்ற அத்தனை பேரும் எந்தப் பல் என்று தேடினோம்.

“ரெண்டு நாள் கழிச்சு வந்து காட்டிட்டுப் போம்மா” என்றார். அதற்கும் ஒரு வாக்கு வைத்திருந்தார். தேவாரத்துத் தோட்டத்தில் பட்டு அறிந்தது. “யானை எறங்குன தோட்டத்துல எது பொழைக்கும், எது போகும்னு அன்னைக்கே பாத்து முடிவு பண்ணப்படாதுக்கா. வேலை பாத்த பல்லும் அப்பிடித்தான். ரெண்டு நாள் ஊறுனாத்தான் அதோட நெசம் தெரியும்.” வியாழக்கிழமை வந்தாள். ஊறியதில் அவள் சொந்தப் பல் ஒரு சாயம் கூடியிருக்கிறது, பூசியது வெளுத்து நிற்கிறது என்று சொல்லி, உரசி எடுத்துவிட்டு மறுபடி பூசினார். எங்கள் கண்ணுக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை, அப்புறமும் ஒன்றும் தெரியவில்லை. சரி, முடிந்தது என்று இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் பல்லுக்காக வரவே இல்லை. வேலைக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது, பிடித்துத் தைக்க நூல் வேண்டும் என்று என் கடைக்கு வந்தார்கள். வாரச் சாமான் வாங்க இறங்கிய ஜீப்பில் வந்து, அதிலேயே திரும்பிப் போக வேண்டியவர்கள். கடை உள்ளே சாமி படத்துக்கு மேல் ஒரு குண்டு பல்பு எரியும். அதன் கீழே நின்று அந்தப் பிள்ளை எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். டீ குடிக்க இறங்கியவர் படியில் அப்படியே நின்றுவிட்டார்.

“ஆத்தா, இப்பிடித் திரும்பு. இன்னொரு தடவை சிரி.”

நான் நூல்கண்டைத் தாயின் கையில் அவசரமாகத் திணித்தேன்.

“இந்த வெளிச்சத்துல பிரிஞ்சு நிக்கிதுக்கா. பாதி நிலா மாதிரி. பாருங்க.”

நான் பார்த்தேன். அந்த மஞ்சள் பல்பில், ஒட்டிய பாதி மட்டும் லேசாக நரைத்தாற்போல, ஆமாம், இருந்தது. பகலில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு கத்தரிப்பூ நிறம் மண்டப விளக்கில் சண்டைபோட்டுப் பிரிந்து நிற்பதை நான் பார்க்காததா. ஆனால் நான் ஏன் ஆமாம் சொல்ல வேண்டும்?

“ஒண்ணும் தெரியல தம்பி. நீங்க டீ குடிங்க.”

தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். “யய்யா, பல்லுன்னு ஒண்ணு இருந்தாப் போதும்யா. நாளைக்கு வேலை.”

“மதி டாக்டர், மதி” என்றாள் பிள்ளை. மலைமேல் எல்லோர் வாயிலும் கலந்துவிட்ட மலையாளம். போதும் என்று அர்த்தம். அவருக்கு அந்த வார்த்தை தமிழிலேயே தெரியாது, மலையாளத்தில் எங்கே தெரியப்போகிறது. “அஞ்சே நிமிசம்” என்று மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இறங்கி வந்தபோது பிள்ளையின் வாயில் பழையபடி பாதிப் பல். உரசி எடுத்தே விட்டார். அவள் மறுபடி தாவணியைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டாள். என் வாசல் ஸ்டூலில் உட்காரவைத்து, உரசியதில் பல் காய்ந்திருக்கும், ஊறட்டும் என்று தண்ணீரைக் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னார். ஜீப்புக்காரர் ஹாரனில் கை வைத்தார். அந்த நேரத்தில்தான் சிவப்பைக் கழற்றச் சொன்னது.

கழற்ற மாட்டேன் என்று சொன்ன வாயோடு கழற்றினேன். அந்தத் தாய் முகத்துக்காகக் கழற்றினேன். பிட்டுகளை ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினால், இவர் கொத்தை எடுத்து, அஞ்சு எண்ணி, அட்டையைப் பார்த்து, பல்லைப் பார்த்து, முதல் இரண்டு தடவை செய்ததையே மூன்றாவதும் செய்துகொண்டிருந்தார். ஏ ரெண்டு. பி ரெண்டு. மறுபடி ஏ ரெண்டு.

ஜீப்புக்காரர் இறங்கியே வந்துவிட்டார். “வெரசா முடிங்க டாக்டரு. மழை வர்ற மாதிரி இருக்கு, வளைவுல மூட்டம் எறங்கிரும்.”

“வடக்கு வெளிச்சம்ணே. இதைவிட நல்ல வெளிச்சம் போடியில கெடையாது.”

தாவணிக்குள்ளிருந்து அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னாள். “அங்க வெயிலே வராது டாக்டர். சுத்தி மரம், எந்நேரமும் மூட்டம். பகல்லயும் லைட்டு போட்டுத்தான் இருப்பாங்க.”

எனக்கு அதுவரை அடக்கி வைத்தது எல்லாம் உடைந்துவிட்டது. “கேட்டீங்களா? அவ என்ன, ஆயுசுக்கும் என் கடை வாசல்லயா ஒக்காரப் போறா? இங்கன பொருந்தி என்ன செய்ய? என் யாவாரத்தக் கெடுத்தீங்க, சரி. எங்க சித்தப்பனப் பாத்தா ஓடுறீங்க, சரி. இந்தப் பிள்ள சோத்துல கை வைக்காதீங்க தம்பி. இருக்கிற வெள்ளையில எதையாவது அப்பி அனுப்புங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்தார்.

“அங்க என்ன லைட்டு?”

அவள் போனை எடுத்துத் தேடிக் காட்டினாள். வேலை கேட்டுப் போன அன்று அந்த மேசைக்குப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்று எடுத்த படம். சுவரெல்லாம் மரப்பலகை. தரை செங்கல் நிறம். பின்னால் அரக்குத் திரை. மேலிருந்து கூடை மாதிரி தொங்குகிற விளக்குகளில் மஞ்சள் பல்பு. எல்லாம் சேர்ந்து அடுப்புக்குள் பார்த்த மாதிரி ஒரே சிவப்பு.

அவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். அஞ்சு எண்ணவில்லை. அட்டையைப் பார்க்கவில்லை. பிறகு நிமிர்ந்து, வெறுங்கயிறாகத் தொங்கிய என் கடை முகப்பைப் பார்த்தார், என் தோளில் கிடந்ததைப் பார்த்தார்.

“அக்கா, ஷட்டரப் பாதி எறக்குங்க. டியூப்லைட்ட அமத்துங்க. சாமி பல்பு மட்டும் எரியட்டும்.”

“முகூர்த்த நாள்ல ஷட்டர எறக்கச் சொல்றீங்களா?”

“ரெண்டு வெளிச்சத்துலயும் நிக்கிற மாதிரி ஒண்ணு வேணும்க்கா. இங்கனயும் நிக்கணும், அங்கனயும் நிக்கணும்.”

அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. இப்போதும் அதே மேசையில்தான் இருக்கிறாள். அங்கே போய்த் தங்கி வருகிற எங்கள் ஊர் ஆட்களிடம், “வரவேற்புல இருக்கிற பிள்ளையோட முன்பல்லு எப்பிடி இருக்கு?” என்று கேட்டால், “எந்தப் பல்லு?” என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இவ்வளவு பாடும் பட்டு, வச்சதுக்குச் சாட்சி நான் ஒருத்திதான்.

ஆனால் அன்றைக்கு என் வயிறு எரிந்தது அதனால் இல்லை. பாதி இறங்கிய ஷட்டருக்குள், சேலையும் கையுமாகப் பெண்கள் இருட்டில் நிற்க, பிள்ளையை ஸ்டூலிலிருந்து எழுப்பிச் சாமி படத்துக்குக் கீழே உட்காரவைத்தார் அவர். எத்தனையோ வருஷமாக நாள் தவறாமல் என்னைக் கழற்றவைத்த அதே சிவப்பையும் அரக்கையும் குங்குமத்தையும் என் தோளிலிருந்து உருவினார். என் கயிற்றை அவிழ்த்து அவள் தலைக்கு மேல் குறுக்கே கட்டினார். கேட்காமலேயே ஸ்டூலில் ஏறி, கிளிப்புகளை வரிசையாகப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சிவப்பாக, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, அவரே மாட்ட ஆரம்பித்தார்.